வலப்பக்கம் மாறிய ஸ்டீயரிங்

தேயிலை விலை விழுந்த இரண்டாம் வருடம், குன்னூருக்குக் கீழே இருந்த அந்த எஸ்டேட்டின் ஃபேக்டரியில் சங்கு ஊதுவது நின்றது. சங்கு நின்றதும் ஃபிட்டர் இசக்கிமுத்துவுக்குப் பசியும் நின்றது. அவர் மனைவி கருப்பம்மாள் இதை முதல் வாரத்திலேயே கவனித்துவிட்டாள். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் வெகுகாலம் ஆயாவாக இருந்தவள் அவள். ஒரு ஆள் எவ்வளவு சாப்பிடுகிறான், எவ்வளவு தூங்குகிறான், எத்தனை தடவை வெளியே போய் வருகிறான் என்று பார்ப்பது அவளுக்குக் கண் இமைப்பது மாதிரி. யாரும் கேட்காமலே பார்ப்பாள்.

இசக்கிமுத்து காலையில் வழக்கமான நேரத்துக்கு எழுந்தார். காக்கிச் சட்டை போட்டார். பிறகு தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில், தன் லைன் வீட்டு வாசலில் சைக்கிள் டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்து, புகை வராத டிரையர் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இட்லி நாலு இரண்டாகி, ஒன்றானது. மத்தியானம் வைத்த சோறு ராத்திரி நாய்க்குப் போனது. ரோலர் ஓடும்போது அதன் மேல் கையை வைத்தே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லுகிற மனிதர், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மற்றவர்கள் திருப்பூருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பனியன் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று லாரி பிடித்து, அடுப்பு சட்டியோடு குடும்பம் குடும்பமாக மலை இறங்கினார்கள். "நீங்க வரலியா அண்ணே" என்று கேட்டவர்களிடம், "ஃபேக்டரி தொறந்தா மெஷினு ஓட்ட ஆள் வேணாமா?" என்றார். அந்த வருடம் லைனில் இரண்டு ஆண்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். ஒருவனைக் குளிப்பாட்டிக் கிடத்தியதே கருப்பம்மாள்தான். அன்று வீட்டுக்கு வந்தவள், கொல்லையில் இருந்த களைக்கொல்லி டப்பாவை எடுத்துப்போய் ஓடைக்கு அப்பால் புதைத்தாள். கணவரிடம் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் இல்லாத நினைப்பையும் கிளப்பிவிடும் என்பது அவள் கணக்கு.

ஆஸ்பத்திரியையும் மூடினார்கள். கருப்பம்மாள் வேலை தேடவில்லை, வேலை அவளைத் தேடி வந்தது. குன்னூரில் சில்வஸ்டர் என்று ஒருவர், தேயிலை ஏல அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், தன் வீட்டுக்குப் பின்னால் இருந்த சிறு வீட்டை வெளிநாட்டுக்காரர் ஒருவருக்கு வாடகைக்கு விட்டிருந்தார். அந்த ஆளுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பார்த்துக்கொள்ளத் திடமான ஒரு பெண் வேண்டும் என்றார்கள்.

அவர் பெயர் ஹெண்ட்ரிக். ஹாலந்துக்காரர். மனைவி இறந்துபோன துக்கத்தில், ஒரு பழைய வேனில் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பொருத்திக்கொண்டு, துருக்கி, ஈரான், பாகிஸ்தான் என்று தரைவழியாகவே ஓட்டிக்கொண்டு வந்தவர். இத்தனை நாடு தாண்டியவரைக் குன்னூர்க் குளிர் வீழ்த்திவிட்டது. கருப்பம்மாள் அவரை முதல் நாளே புரட்டிப் பார்த்து, இடுப்பில் புண் ஆரம்பித்திருந்ததைக் கண்டாள். "இத யாரும் பாக்கலீங்களா?" என்று சில்வஸ்டரைக் கேட்டாள். அவர் தலையைச் சொறிந்தார். அதிலிருந்து நோயாளிக்கு அவள்தான் சட்டம். மணிக்கொரு தரம் புரட்டினாள், ரசம் சோறு பிசைந்து ஊட்டினாள், முனகினால் அதட்டினாள். அவள் தமிழில் திட்டுவாள், அவர் டச்சில் திட்டுவார். இருவருக்கும் நன்றாகவே ஒத்துப்போனது.

கட்டிலிலிருந்து பார்த்தால் ஜன்னல் வழியே வேன் தெரியும். ஒரு நாள் அதன் பேட்டரி இறங்கிவிட்டது என்று ஹெண்ட்ரிக் கவலைப்பட, கருப்பம்மாள் கணவரைக் கூட்டிவந்தாள். பேட்டரிக்காகத்தான் கூட்டிவந்தாள் என்று சில்வஸ்டர் நினைத்தார். அவள் கூட்டிவந்தது கணவரின் கைக்காக.

இசக்கிமுத்து வேனைச் சுற்றி வந்தார். பின்பக்கக் கதவைத் திறந்தார். இன்ஜின் அங்கே இருந்தது. "என்ன புள்ள இது, கழுதைக்கு வால்ல மூக்கு வெச்ச மாதிரி" என்றார். பல மாதத்துக்குப் பிறகு அவர் அடித்த முதல் கிண்டல் அது. அன்று ராத்திரி மூன்று தோசை தின்றார்.

பிறகு தினமும் வந்தார். எண்ணெய் மாற்றினார், பிரேக் பார்த்தார், துரு சுரண்டினார். ஹெண்ட்ரிக் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் காலை, நல்ல கையால் வேனைக் காட்டி, பிறகு இசக்கிமுத்துவைக் காட்டி, கோணிய வாயால் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். சில்வஸ்டர் பக்கத்தில் இல்லை. ஆனாலும் அது புரிய மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. வண்டி உனக்கு, எனக்குப் பிறகு நீ வைத்துக்கொள்.

எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. துரைமார் ஊரைவிட்டுப் போகும்போது அப்படித்தான். பட்லருக்குக் கோட்டு, காவல்காரனுக்குப் பசு மாடு, டிரைவருக்கு மோட்டார் சைக்கிள். கையெழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. துரை கொடுத்தார் என்றால் கொடுத்ததுதான். அதை மறுபடி கேட்க யாரும் வரமாட்டார்கள். இசக்கிமுத்துவின் அப்பாவுக்கு ஒரு துரை கொடுத்த சுவர்க் கடிகாரம் அப்படி வந்ததுதான். ஆகவே அவர் யோசித்தது, வண்டி தன்னுடையதா என்பதைப்பற்றி அல்ல. அதை எப்படித் தன் பெயருக்கு ரிஜிஸ்டர் செய்வது, எப்படி டூரிஸ்டுகளை ஏற்றிக்கொண்டு தொட்டபெட்டாவுக்கும் கோத்தகிரிக்கும் ஓட்டுவது என்பதைத்தான்.

அதற்காக ஊட்டி ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போனார். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த புரோக்கர் ஆறுக்குட்டியிடம் கேட்டார்.

"வெளிநாட்டு வண்டி ஒண்ணு இருக்குதுங்க. ரிஜிஸ்டர் பண்ண முடியுங்களா?"

"ஸ்டீயரிங் எந்தப் பக்கமுங்க?"

"எடது பக்கம்."

"அப்ப ஆகாதுங்க. நம்ம நாட்டுல ஸ்டீயரிங் வலது பக்கம் இருக்கோணும். மத்தது எல்லாம் அப்பறம். மொதல்ல வண்டி அதுலயே நின்னுபோயிரும்."

"வலது பக்கம் மாத்திட்டா?"

ஆறுக்குட்டி சிரித்தார். "ஏனுங்க, அதென்ன தலகாணியா, இந்தப் பக்கம் புடிக்கலீன்னு அந்தப் பக்கம் எடுத்துப் போட? மாத்திட்டு வாங்க, மத்தத அப்பறம் பேசிக்கலாம்."

'மத்தது' என்று அவர் இரண்டு தடவை சொன்னது இசக்கிமுத்துவின் காதில் நிற்கவே இல்லை. 'மாத்திட்டு வாங்க' என்பதுதான் நின்றது. ஃபேக்டரியில் அவர் பார்த்த எல்லாச் சிக்கலும் அப்படித்தான் இருந்தது: எது தடுக்கிறதோ அதைக் கழற்று, சரி செய், மறுபடி மாட்டு. சட்டமும் ஒரு மெஷின்தான் என்று நினைத்தார்.

மறுநாளே கோயமுத்தூர் உக்கடத்துக்குப் பஸ் ஏறினார். பழைய இரும்புக் கடைகளில் தேடி, கழித்துக்கட்டிய ஜீப்பின் ஸ்டீயரிங் பெட்டி ஒன்றைச் சாக்கில் கட்டித் தோளில் தூக்கிவந்தார். முகப்புத் தகட்டை அளந்து வெட்டினார். பெடல்களை மாற்ற, ஃபேக்டரி வாட்ச்மேனைத் தாஜா பண்ணி, பூட்டிக் கிடந்த பட்டறையிலிருந்து, இரும்பை இறுக்கிப் பிடிக்கும் வைஸைக் கடன் வாங்கினார். கழற்றிய பழைய சாமான் எதையும் எறியவில்லை. எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, ஒவ்வொன்றாக மரப்பெட்டியில் அடுக்கினார். ஃபிட்டர் பழக்கம் அது.

மார்ச் மாதத்தில் ஒரு நாள், கருப்பம்மாள் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தபோது சில்வஸ்டர் சமையலறைக்குள் வந்தார். ஹாலந்திலிருந்து ஹெண்ட்ரிக்கின் அண்ணன் மகள் ஃபோன் செய்திருந்தாள்.

"கருப்பம்மா, உங்க ஊட்டுக்காரர் என்ன பண்றாருன்னே எனக்கு வெளங்கல. அந்த வண்டிய யாருக்கும் குடுக்க முடியாதாமே."

"தொரையே குடுத்துட்டாருங்களே."

"தொரை சொன்னா எஸ்டேட்ல நடக்கும். கஸ்டம்ஸ்ல நடக்காது." அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து விளக்கினார். எல்லையில் வண்டி உள்ளே வரும்போது அதற்கும் ஒரு பாஸ்போர்ட் உண்டு. திருப்பிக் கொண்டுபோய்விடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துத்தான் வரி கட்டாமல் உள்ளே விடுகிறார்கள். விற்கக்கூடாது, இனாமாகவும் கொடுக்கக்கூடாது, சொந்தக்காரரைத் தவிர வேறு யாரும் ஓட்டவும் கூடாது. உடம்பு சரியில்லை என்பதால் தவணை நீட்டியிருக்கிறார்கள். அதற்குள் வண்டி நாட்டைவிட்டுப் போகாவிட்டால், ஹாலந்தில் அவருக்காக ஜாமீன் போட்ட அந்த அண்ணன் மகளின் தலையில் வரி விழும்.

"அந்தப் பொண்ணு ஸ்கூல்ல வேல பாக்குதாம். அழுதுச்சு. உங்க ஊட்டுக்காரர்கிட்ட நான் சொல்லட்டுங்களா?"

"வேண்டாமுங்க. நானே சொல்லிக்கிறேன்" என்றாள் கருப்பம்மாள்.

சொல்லத்தான் நினைத்தாள். அன்று சாயங்காலம் இசக்கிமுத்து சோற்றைத் தட்டில் ஒரு ஓரமாகக் குவித்து, "இதான் முன்பக்கத் தகடுன்னு வெய்யி புள்ள" என்று ஆரம்பித்தார். முருங்கைக்காய் ஸ்டீயரிங் தண்டாயிற்று. ஜீப்பின் பெட்டி எப்படி அரை அங்குலம் இடித்தது, எப்படித் தாங்கி ஒன்றைத் தானே வார்த்து வைத்தார் என்று சொல்லிக்கொண்டே அந்த முன்பக்கத் தகடு முழுவதையும் தின்றுவிட்டு, மறு சோறு கேட்டார். அவர் மறு சோறு கேட்டு வருடம் ஒன்றுக்கு மேல் ஆகியிருந்தது. கன்னத்தில் சதை பிடித்திருந்தது. ராத்திரி குறட்டை விட்டார்.

கருப்பம்மாள் இருட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். மருந்து கேட்கிறது, பாதியில் நிறுத்தினால் நோய் இரட்டிப்பாகத் திரும்பும். நோயாளி எழுந்து நிற்கட்டும், அப்புறம் சொல்லலாம். போகப்போகிற வண்டிதானே, ஸ்டீயரிங் எந்தப் பக்கம் இருந்தால் யாருக்கு என்ன? இப்படித்தான் அவள் முடிவு கட்டினாள். தப்புச் செய்கிறோம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. டோஸ் நிர்ணயித்தோம் என்றே தோன்றியது.

நாளைக்கு, நாளைக்கு என்று போனது. சில்வஸ்டர் கேட்டபோதெல்லாம் "சொல்லிட்டேங்க, சும்மா கை பழக்கத்துக்குத்தான் பண்றாரு" என்றாள்.

ஜூன் மழையில் ஹெண்ட்ரிக்குக்கு நெஞ்சில் சளி கட்டியது. மூன்றாம் நாள் விடியற்காலை கருப்பம்மாளின் கையைப் பிடித்தபடி போய்ச் சேர்ந்தார். அவள் வாயை மூடி, தாடையைக் கட்டி, உடம்பைத் துடைத்து, சுத்தமான சட்டை போட்டாள். முதுகில் ஒரு புண்கூட இல்லை. சர்ச் கல்லறையில் அடக்கம். இசக்கிமுத்து குடை பிடிக்காமல் நின்றார்.

அடுத்த மாதம் கோயமுத்தூரிலிருந்து சுங்கத்துறை இன்ஸ்பெக்டர் வரப்போகிறார், வண்டியைப் பார்க்கப்போகிறார் என்று தகவல் வந்தது. வண்டியை அனுப்புவதற்கு முன் சரிபார்க்கவே அவர் வருகிறார் என்பது கருப்பம்மாளுக்குத் தெரியும். சில்வஸ்டருக்கும் தெரியும். இசக்கிமுத்துவுக்கு மட்டும், கவர்மெண்டு ஆபீசர் ஒருவர் வண்டியைப் பார்க்க வருகிறார் என்பதே போதுமானதாக இருந்தது. இனிச் சொல்லியே ஆகவேண்டும் என்று முந்தின நாள் முழுக்க அவள் வாயைத் திறந்து திறந்து மூடினாள். அவர் வண்டியின் அடியில் படுத்துக்கொண்டு ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தார்.

காலையில் அவர் வேனைக் கழுவித் துடைத்து, கண்ணாடிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார். சலவை செய்த காக்கிச் சட்டை. இன்ஸ்பெக்டர் கீர்த்திவாசன் மலைப்பாதைத் தலைசுற்றலோடு ஜீப்பிலிருந்து இறங்கினார். சேஸிஸ் நம்பர் பார்த்தார், இன்ஜின் நம்பர் பார்த்தார். பிறகு இடது பக்கக் கதவைத் திறந்து, அங்கே வெறும் சீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஸ்டீயரிங் எங்கீங்க?"

"இங்க இருக்குதுங்கய்யா." இசக்கிமுத்து மறுபக்கக் கதவைத் திறந்தார். "ஓட்டிப் பாக்கறீங்களா? பூ மாதிரி திரும்பும். ஹெட்லைட்டையும் நம்ம ரோட்டுக்குத் தோதா மாத்தியாச்சு. எதிர் வண்டிக்காரன் கண்ணக் குத்தாது."

"யாரு மாத்துனது?"

"நாந்தானுங்க."

"எதுக்கு?"

"ரிஜிஸ்டர் பண்றதுக்குங்க. ரூல் பிரகாரம்."

இன்ஸ்பெக்டர் சில்வஸ்டரைப் பார்த்தார். சில்வஸ்டர் கருப்பம்மாளைப் பார்த்தார். கருப்பம்மாள் தரையைப் பார்த்தாள்.

கீர்த்திவாசன் கெட்ட மனிதர் இல்லை. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். "பெரியவரே, இது இறக்குமதி பண்ணுன வண்டியில்ல. விருந்தாளியா வந்த வண்டி. எப்படி வந்துச்சோ அப்படியே திரும்பிப் போகோணும். வண்டிக்குப் பதினஞ்சு வயசாச்சு. மூணு வருசத்துக்கு மேல பழசான வண்டிய இங்க இறக்குமதி பண்ணவே விடமாட்டாங்க. ஸ்டீயரிங்க நீங்க நடுவுல வெச்சாலும் நடக்காதுங்க."

யாரும் சிரிக்கவில்லை.

"பேப்பர்ல இடது பக்கம்னு இருக்குது" என்று அவரே தொடர்ந்தார். "வலது பக்கம் ஸ்டீயரிங் இருக்கிற வண்டிய நான் எப்படி அதே வண்டின்னு எழுதறது? எழுதலீன்னா அந்தப் பொண்ணு வரி கட்டோணும். கட்டி மீள முடியாது."

இசக்கிமுத்து கதவை மெதுவாகச் சாத்தினார். "எத்தன நாளுக்குள்ள பழையபடி ஆக்கோணுங்க?"

"இந்த மாசக் கடைசிக்குள்ள."

"ஆக்கிரலாமுங்க" என்றார்.

ஆக்கினார். மரப்பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றிய சாமான்களை எடுத்து, இடது பக்கம் வைத்தார். வெட்டிய தகட்டைத் திரும்ப ஒட்டவைத்து, அரத்தால் ராவி, பெயிண்ட் அடித்தார். வெட்டிய இடம் தெரியக்கூடாது என்று ஈரத்துணியால் தடவித் தடவிப் பார்த்தார். மழை பெய்தது, தார்ப்பாயை விரித்துக்கொண்டு செய்தார். கருப்பம்மாள் டீ கொண்டுபோய் வைப்பாள். ஆறிப்போய்க் கிடக்கும். அவர் கோபப்படவில்லை. அவசரம் காட்டாமல், அலட்சியமும் காட்டாமல், ஃபேக்டரியில் செய்த மாதிரியே செய்தார். கடைசி நாள் கீர்த்திவாசன் மறுபடி வந்து பார்த்தார். விரலால் தகட்டைத் தடவினார். எந்த இடத்தில் வெட்டினீர்கள் என்று கேட்டார். இசக்கிமுத்து காட்டவில்லை.

வண்டியை லாரியில் ஏற்றிக் கொச்சித் துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். லாரி வளைவு திரும்பியதும் அவர் கேட்டார்.

"ஒனக்கு எப்பத் தெரியும் புள்ள?"

"மார்ச்லயே."

"சரி" என்றார்.

வேறு யாராவது என்றால் அடித்திருப்பார்கள், குடித்திருப்பார்கள். அவர் வீட்டுக்குப் போய்க் கைகால் கழுவிக்கொண்டு, பெட்டியில் துணி எடுத்து வைத்தார். "எனக்கு ஒடம்பு சரியில்லேன்னு நீ முடிவு பண்ணிட்ட. எங்கிட்டச் சொல்லக்கூட வேண்டியதில்லேன்னு" என்றார். அவ்வளவுதான். அடுத்த லாரியில் திருப்பூர் போனார்.

பனியன் கம்பெனியில் மெக்கானிக் வேலை இருந்தது. கேட்கவில்லை. வாட்ச்மேன் வேலை வாங்கிக்கொண்டார். பிறகு பஞ்சு அறைக்கு மாற்றினார்கள். கருப்பம்மாள் குன்னூரிலேயே நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டாள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார். வைத்ததைச் சாப்பிடுவார், படுத்தால் தூங்குவார். அவள் கணக்கு ஒரு விஷயத்தில் தப்பவில்லை: ஆள் பிழைத்துக்கொண்டார். ஆனால் ஒரு பொருளைப் பற்றியோ, ஒரு மெஷினைப் பற்றியோ, மனதில் என்ன ஓடுகிறது என்பதைப் பற்றியோ அவளிடம் சொல்வதை நிறுத்திவிட்டார். மழையா வெயிலா என்று மட்டும் பேசினார்கள். பக்கத்து வீட்டுக்காரி, "ஒம் புருசன் தங்கமானவரு, சண்டையே போடறதில்ல" என்பாள்.

சில வருடங்கள் கழித்து அவருக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்தது. கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று தகவல் வந்ததும் கருப்பம்மாள் போனாள். ஆள் பாதியாகியிருந்தார். அவள் தலைமாட்டை உயர்த்தி வைத்தாள், முதுகைத் தடவிப் பார்த்தாள், நர்ஸிடம் இரண்டு கேள்வி கேட்டாள். படங்கள் எடுத்தார்கள். மறுநாள் டாக்டரம்மா வர்ஷா வார்டுக்கு வந்து, கட்டிலைப் பார்க்காமல், "நீங்க கொஞ்சம் வெளிய வாங்கம்மா" என்றார். சின்னப் பெண்.

அந்த 'வெளிய வாங்க' என்ன என்று கருப்பம்மாளுக்குத் தெரியும். எத்தனையோ பேரை அவளே அப்படிக் கூப்பிட்டிருக்கிறாள். எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள்.

"இங்கியே சொல்லுங்க டாக்டர். அவர்கிட்டயே சொல்லுங்க."

"இல்லம்மா, பேஷண்ட் முன்னாடி..."

"காது நல்லாக் கேக்கும் அவருக்கு. புத்தியும் நல்லா இருக்குது. அவரு ஒடம்பு அது. அவர்கிட்டச் சொல்லிட்டு அப்பறம் எங்கிட்டச் சொல்லுங்க."

இசக்கிமுத்து தலையணையில் முகத்தைத் திருப்பி மனைவியைப் பார்த்தார். டாக்டர் தயங்கி, நாற்காலியை இழுத்துப்போட்டு, நுரையீரலில் இருப்பது என்ன, அது எங்கே எங்கே பரவியிருக்கிறது என்று அவரிடமே சொன்னார். மெஷின் சத்தத்தைக் கேட்பது மாதிரி, கொஞ்சம் தலை சாய்த்து அவர் கேட்டார்.

"மாத்த முடியாதுங்களா?"

"முடியாதுங்க ஐயா."

"எத்தன காலம்?"

டாக்டர் அதையும் சொன்னார். அவர் கும்பிட்டு அனுப்பினார்.

வார்டில் யாரோ இருமினார்கள். டீக்காரன் வந்து போனான். வெகுநேரம் கழித்து அவர் கட்டிலின் ஓரத்தைத் தட்டி, "இங்க உக்காரு புள்ள" என்றார். மூச்சு வாங்க வாங்க, விட்டுவிட்டுப் பேசினார். இங்கே இருக்கவேண்டாம், மேலே மலைக்குக் கூட்டிப்போ. லைன் வீட்டுக் கூரை மேற்குப் பக்கம் ஒழுகும். மழைக்கு முன்னால் இரண்டு தகடு மாற்றவேண்டும், தான் சொல்லச்சொல்ல ஆளை வைத்துச் செய்துவிடலாம். பஞ்சு அறையில் காற்றாடியைத் தப்பான திசையில் வைத்திருக்கிறார்கள், வந்த முதல் நாளே பார்த்தார், யாரிடமும் சொல்லவில்லை, சொல்லியிருக்கவேண்டும். பயமாக இருக்கிறது. ராத்திரியில்தான் அதிகம்.

கருப்பம்மாள் அவர் நெற்றி வியர்வையைத் துடைத்தாள். தைரியமாக இருங்கள் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. "எனக்கும் பயமாத்தான் இருக்குதுங்க" என்றாள். பிறகு எழுந்து, டிஸ்சார்ஜ் எழுதி வாங்க நர்ஸைத் தேடிப் போனாள்.